முட்டைப் பந்து

"பந்தென்றால் உருண்டையாக இருக்க வேண்டாமோ? முட்டை மாதிரி ஒரு பந்தா!" என்றாள் அக்கா.

இண்டூரில் அக்கா வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்தேன். அவள் பெண்ணுக்குப் பதினான்கு வயது. பள்ளியில் கபடி ஆடுகிறவள். கைப்பேசியில் பார்த்துவிட்டு இப்போது ரக்பி ஆட வேண்டுமாம்!

"கை கால் ஒடிந்தால் நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? நீயாவது புத்தி சொல்லடி" என்று அக்கா அவளை என்னிடம் ஒப்படைத்தாள்.

புத்தி சொல்லத்தான் வாயைத் திறந்தேன், கதையாகிவிட்டது.

1872-இல் கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் இந்த ஆட்டத்தை ஆடினார்கள். சில வருஷங்களிலேயே சலித்துப்போய்ப் போலோ பக்கம் திரும்பினார்கள். சங்கத்தைக் கலைத்தபோது, மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். மூடியில் யானை, பிடிகளாக மூன்று நாகங்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தாக் கோப்பைக்காகத்தான் மோதுகின்றன.

"நம்ம ஊர் வெள்ளியா, சித்தி?" என்று கண்ணை விரித்தாள் பெண்.

பக்கத்து இலங்கையில் ஆட்டம் வேரூன்றிவிட்டது. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945-இல் பிராட்பி கேடயத்துக்காக மோதத் தொடங்கின. அந்தப் பந்தயத்துக்கு அங்கே திருவிழாக் கூட்டம் கூடும். நம் நாட்டிலோ கிரிக்கெட்டின் நிழலில், கிளப்புகளிலும் பட்டாளத்திலும் ரக்பி ஒடுங்கிக் கிடந்தது. நம் பெண்கள் பதினைந்து பேர் ஆட்டத்தில் சர்வதேசப் பந்தயத்துக்கு இறங்கியதே 2018-இல்தான். மறு வருஷம் ஜூனில் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றார்கள். கடைசி நிமிஷங்களில் ஒடிசாப் பெண் சுமித்ரா நாயக் உதைத்த பந்து வெற்றியைத் தேடித் தந்தது.

"அடிபடாதா?" என்றாள் அக்கா.

"படும். மறைப்பானேன்? அதனால்தான் தோளுக்கு மேலே பிடிக்கக் கூடாதென்று சட்டம். பந்தைக் கையால் முன்னே எறியவும் கூடாது. முன்னால் ஓடுகிறவளை மடக்கிவிட்டால், பின்னால் வருகிறவளிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் தூக்கிக்கொண்டு ஓடுவாள்."

அக்கா பேசவில்லை. பள்ளி நாளில் ஓட்டப் பந்தயத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரவு, பெண்ணின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி அக்கா சொன்னாள்: "நாளைக்கு உன் டீச்சரைப் பார்க்கிறேன். ஆனால், மார்க் குறைந்தால் தெரியும் சேதி!"