ஒருவரும் பல இடாப்புகளும்

கல்குடாவில் வாழும் ஒருவர் எத்தனை ஏடுகளில் எழுதப்பட்டுள்ளார் என எண்ணிப் பார்ப்பின் வியப்பே மிஞ்சும். பிறப்புப் பதிவேடு, பாடசாலைச் சேர்விடாப்பு, வாக்காளர் இடாப்பு, கிராம உத்தியோகத்தரின் குடும்பப் பட்டியல், ஆட்பதிவுத் திணைக்களத்தின் பதிவு என அவை விரியும். ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்கென, வெவ்வேறு கையால் எழுதப்பெற்றது. இவை யாவும் ஒருவரையே சுட்டுகின்றன என்று நிறுவுவதே வில்லங்கம்.

பெயரை நம்பிப் பயனில்லை. அயலூரான வாழைச்சேனையையே ஆங்கிலத்தில் எழுதுவோர் பலவாறு எழுதுவர். ழகரத்திற்கு அம்மொழியில் எழுத்தே இல்லை. ஊருக்கே இக்கதியெனின், தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொண்ட தமிழரதும், 'முகம்மது' என்பது ஓரிடத்தில் விரிந்தும் பிறிதோரிடத்தில் ஓரெழுத்தாய்ச் சுருங்கியும் வரும் முஸ்லிம்களதும் பெயர்கள் படும்பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

கணினி வலையமைப்புகளில் பயனர் கணக்குகளைப் பேணும் அடைவுகள் பலவற்றை ஒத்திசைப்போரும் இதே சிக்கலை எதிர்கொள்கின்றனர். பெயரை விடுத்து, மாறாத ஓர் இலக்கத்தைப் பற்றிக்கொள்வதே அவர்தம் வழி. இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த அடையாள அட்டை இலக்கம் அத்தகையது. எனினும் அதுவும் ஒரு வடிவில் நிற்கவில்லை. ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்துமாய் இருந்தது, 2016 முதல் பன்னிரண்டு இலக்கங்களாயிற்று. பழையதன் முன்னே 19ஐயும் இடையே ஒரு சுழியத்தையும் சேர்த்து, ஈற்றெழுத்தை நீக்கினாலன்றி இரண்டும் பொருந்தா. பிறந்த ஆண்டும் நாளும் இலக்கத்தினுள்ளேயே பொதிந்திருத்தலால், பிறப்புப் பதிவிற் புகுந்த பிழை இலக்கத்திலும் புகுந்துவிடும்.

சேர்ப்பதிலும் நீக்குவதே அச்சத்திற்குரியது. 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளையும் கண்ட கரை இது. ஆவணம் இழந்தோரும், ஆளே காணாமற்போனோரும் இங்குளர். ஓரேட்டில் ஒருவர் இறந்தாரெனத் தவறாகக் குறிக்கப்பட்டு, ஏனைய ஏடுகளும் அதனைத் தாமாகவே பின்பற்றுமாயின், உயிரோடிருப்பவர் கந்தோர் கந்தோராய் ஏறித் தம் உயிரை நிறுவ வேண்டியவராவார். மைக்ரோசொவ்ற்றின் ஒத்திசைவு மென்பொருளில் இதற்கென ஒரு காவல் உண்டு: ஒரே தடவையில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கணக்குகள் நீங்க முற்படின், வேறு எல்லை குறிக்கப்படாதவிடத்து, அது தானே நின்றுவிடும். பெருநிறுவனத்திற்கு அவ்வெண் பொருந்தலாம். கல்குடா போன்ற ஊருக்கோ ஒரு பெயர் நீங்குவதாயினும் எவரேனும் அவ்வீட்டுப் படலையைத் தட்டிக் கேட்டறிந்த பின்னரே நீங்குதல் வேண்டும்.