ராயபுரம் டு எண்ணூர்: ஒரு ரெக்கார்டு நோட்டு டிரெக்கிங்!

டிரெக்கிங்னு சொன்னதும் உங்க மண்டைக்குள்ள என்ன படம் ஓடுது? ஏலகிரி, கொல்லிமலை, நாகலாபுரம், முதுகுல மூட்டை மாதிரி ஒரு பேக், உச்சியில நின்னு கையை விரிச்சு ஒரு போட்டோ. கரெக்ட்தானே? எனக்கும் அதே படம்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஆனா, திருவொற்றியூர்ல பிறந்து வளர்ந்தவனுக்குக் கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மலைன்னு இருக்கிறது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, அடுக்கி வெச்ச கன்டெய்னர். இன்னொண்ணு, எங்க கேங்கோட அரியர்!

மலை ஆசை தள்ளிப்போனதுக்கு ஒரு காரணம் உண்டு. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. டிரெக்கிங் போனவர்களில் 20 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். அப்போ நான் ஸ்கூல் பையன். டி.வி.யில அதைப் பார்த்த அம்மா, "எங்க வேணா போ, மலைக்கு மட்டும் கேக்காத"ன்னு அன்னிக்கே ஸ்டே ஆர்டர் போட்டுட்டாங்க. அதே வருஷம் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024-ல் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளை முறைப்படி திறந்து, வழிகாட்டியோடு போகிற ஏற்பாடும் வந்தாச்சு. அம்மாவோட ஸ்டே ஆர்டர் இப்போ லேசா தளர்ந்திருக்கு. ஆனா பர்ஸ் தளரணுமே! மாசத்துக்கு ஒரு மலைன்னா நம்ம பாக்கெட் மணி தாங்குமா?

அதுக்காகக் காலைக் கட்டிப்போட முடியுமா பாஸ்? எங்க டிபார்ட்மென்ட்ல நாலு பேர், ரெண்டு பசங்க, ரெண்டு பொண்ணுங்க, சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். மலை வரும்போது வரட்டும். அதுவரைக்கும் நம்ம ஏரியாவையே நடந்து பார்ப்போம். பார்த்ததை எழுதி வைப்போம். ராயபுரத்துல ஆரம்பிச்சு எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் சுமார் 15 கிலோமீட்டர். விடியக்காலை 5 மணிக்குக் கிளம்பினா, நின்னு நிதானமா போனாலும் 10 மணிக்கெல்லாம் முடிச்சிடலாம். திரும்பி வர எண்ணூர்லயோ கத்திவாக்கத்துலயோ சென்ட்ரல் போற லோக்கல் டிரெயின் ஏறினா போதும்.

நடக்கிறது ஓகே, எழுதறது எதுக்குன்னு கேக்கறீங்களா? அங்கதான் மேட்டரே இருக்கு.

எங்க பாட்டி கடலைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. "நான் வாக்கப்பட்டு வர சொல்லோ ரோட்டாண்ட நின்னா அலையே தெரியாது கண்ணு. மணல்ல நடந்து போயி சேரதுக்குள்ள காலு ரெண்டும் கெஞ்சும். இப்போ பாரு, கடல் வந்து கதவத் தட்டுது" அப்படிம்பாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மழை சீஸன்ல, கடல் அரிப்பு பத்தி மனு கொடுக்க எங்க தெருக்காரங்க ஓர் அலுவலகத்துக்குப் போனாங்க. டைப் அடிச்சுக் கொடுத்தவன்ங்கிற முறையில நானும் ஒட்டிக்கிட்டேன். மனுவை வாங்கினவர் மூணே மூணு கேள்விதான் கேட்டார். "எந்த வருஷம்? எந்த இடத்துல? எத்தனை அடி?"

எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பாட்டிக்கு ஞாபகம் இருக்கு. ஆனா அது எப்படின்னா, ‘உங்க அத்தை வயசுக்கு வந்த வருஷம் அந்தத் தென்னைமரம் விழுந்துச்சு’ ரகம். தேதி கிடையாது, அளவு கிடையாது. அந்தத் தென்னைமரம் நின்ன இடத்துல இன்னிக்கு மீன் நீந்துது. மனுவுக்கு என்ன ஆச்சுன்னு இன்னிவரைக்கும் தகவல் இல்லை. "அம்பது வருஷமா பார்த்துக்கினு கீறேன், நான் சொன்னா பத்தாதா?"ன்னு பாட்டி வர்ற வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தாங்க. என்கிட்ட பதில் இல்லை. அதுக்கப்புறம் எடுத்ததுதான் இந்த நோட்டு.

நோட்டுன்னா டைரி மாதிரி ‘இன்று மனம் லேசானது’ டைப் இல்லை. நமக்குத் தெரிஞ்சது லேப் ரெக்கார்டுதானே! அதே ஃபார்மட்தான். எய்ம், அப்பராட்டஸ், புரொசீஜர், டேபுலேஷன், ரிசல்ட்.

எய்ம்: போற வழியை அப்படியே பதிவு பண்றது. கருத்து எல்லாம் கடைசியில.

அப்பராட்டஸ்: 80 பக்க நோட்டு, ரெண்டு பேனா, தண்ணி பாட்டில், தொப்பி, நல்ல ஷூ. செல்போன்ல மணியும் இடமும் பார்த்துக்கலாம்.

புரொசீஜர்: ராயபுரம் ஸ்டேஷன்ல ஆரம்பம். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவோட முதல் ரயில் இங்கேர்ந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்புச்சு. அந்தக் கட்டடம் இப்பவும் இருக்கு. அடுத்து காசிமேடு. இருட்டு விலகறதுக்குள்ள அங்கே ஏலம் களைகட்டும். வஞ்சிரம், சங்கரா, நெத்திலின்னு கூடை கூடையா இறங்கும். நாலு பேரும் நடுவுல மாட்டிக்கிட்டு நசுங்காம வெளியே வர்றதே ஒரு டிரெக்கிங்தான்! அதே இடத்துக்கு ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்குள்ள போனீங்கன்னா வேற படம். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் வரிசையா கட்டிக் கிடக்கும். வலையைச் சரிபண்ணிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. ரெண்டையும் தேதி போட்டு எழுதிப் பாருங்க, ஒரே இடம் ரெண்டு ஊரா தெரியும்.

அங்கிருந்து எண்ணூர் விரைவுச்சாலை. வலது பக்கம் கடல், இடது பக்கம் கன்டெய்னர் லாரி. திருவொற்றியூர்ல கடலோரமா பட்டினத்தார் சமாதி, உள்ளே தள்ளி தியாகராஜர் கோயில். 1955-லேர்ந்து புல்லட் வண்டி தயாரான என்ஃபீல்டு ஃபேக்டரியும் எங்க ஏரியாதான். அப்புறம் எர்ணாவூர், சின்னக்குப்பம், பெரியகுப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம். கடைசியா முகத்துவாரம். கொசஸ்தலையாறு கடல்ல கலக்கிற இடம். அக்கரையில துறைமுகக் கிரேன்கள், இந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணியில நின்னு இறால் பிடிக்கிறவங்க. ரெண்டும் ஒரே ஃபிரேம்ல!

டேபுலேஷன்: இதுதான் முக்கியம். எங்க டேபிள்ல அஞ்சு காலம். தேதி, மணி, இடம், அளவு, யார் என்ன சொன்னாங்க. அளவுக்கு டேப் எல்லாம் வேண்டாம். மாறாத ஒரு பொருளைப் பிடிச்சுக்கோங்க, ஒரு கோயில் சுவர், ஒரு விளக்குக் கம்பம் மாதிரி. அங்கிருந்து ஈர மணல் வரைக்கும் எத்தனை எட்டுன்னு நடந்து எண்ணுங்க. அடுத்த மாசமும் அதே ஆள், அதே இடத்துல எண்ணணும். மணி ஏன் எழுதணும்னா, சென்னைக் கடல்ல அமாவாசை, பௌர்ணமி சமயத்துல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் வரும். மணியும் பிறையும் எழுதலைன்னா, கடல் முன்னாடி வந்துச்சா, இல்ல அது ஏத்த நேரமான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது.

ரிசல்ட்: சொன்னா நம்ப மாட்டீங்க, ஒரு வருஷ நோட்டு எங்களுக்கு ஒரு சிவில் இன்ஜினீயரிங் பாடமே நடத்திடுச்சு. கடல் அரிப்பைத் தடுக்க எங்க கரையில ‘தூண்டில் வளைவு’ன்னு கடலுக்குள்ள நீட்டிக் கல்லைக் கொட்டியிருக்காங்க. எங்க குறிப்புல திரும்பத் திரும்ப ஒரே விஷயம். வளைவுக்குத் தெற்கே மணல் சேருது. வடக்கே கல்லை அலை அறையுது. ஏன்? இந்தக் கரையோரமா மணல் வருஷத்துல பெரும்பாலான மாசம் தெற்கேர்ந்து வடக்கே நகருது. குறுக்கே ஒண்ணு நீட்டினா தென்பக்கம் தேங்கும், வடபக்கம் பட்டினி. இதோட பெரிய சைஸ்தான் சென்னைத் துறைமுகம். 1876-ல் வேலை ஆரம்பிச்சு, 1881 புயல்ல அடி வாங்கி, திரும்பவும் கட்டி எழுப்பினாங்க. அந்தச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரத்துலேர்ந்து எங்க கரை தேய ஆரம்பிச்சது. மெரினாவுல சுண்டல் சாப்பிடறப்போ எங்களையும் ஒரு செகண்ட் நினைச்சுக்கோங்க மக்களே!

சரி, சாதாரண ஆள் எழுதற நோட்டுக்கு என்ன மதிப்பு? ஆனந்தரங்கப் பிள்ளையைக் கேளுங்க. 1709-ல் நம்ம பெரம்பூர்ல பிறந்தவர். புதுச்சேரிக்குப் போய் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியா இருந்தார். 1736-லேர்ந்து 1761 வரை தமிழ்ல நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்துச்சு, யார் யாரைப் பார்த்தாங்க, ஊர்ல என்ன வதந்தி, எல்லாம் தேதியோட. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடிச்சதையும் அதுல படிக்கலாம். அன்னிக்கு அவருக்கு அது தினப்படி வேலை. இன்னிக்கு ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் அதை வெச்சு ஆராய்ச்சி பண்ணுது.

பக்கத்துலயே இன்னொரு உதாரணம். 1996-ல் ஒப்புதலான கடலோர வரைபடத்துல எண்ணூர் கழிமுகம் இருந்தது. பின்னாடி வந்த ஒரு வரைபடத்துல அது இல்லைன்னு 2017-ல் மீனவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் கேள்வி கேட்டாங்க. பழைய வரைபடம் கையில இருந்ததாலதான் அந்தக் கேள்வியைக் கேட்க முடிஞ்சது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து இதே கழிமுகத்துல படிஞ்சப்போ படகும் வலையும் கறுப்பாச்சு. அந்த மாதிரி நேரத்துல எந்தக் குப்பத்துல, எந்தத் தேதியில, எவ்வளவு உயரத்துக்குக் கறைன்னு எழுதி வெச்ச ஒரு பக்கம், பத்துப் பேர் கத்தறதைவிட அதிக நாள் நிக்கும்.

கிளம்பறதுக்கு முன்னாடி சில கண்டிஷன்ஸ். குப்பம் என்பது சுற்றுலாத்தலம் இல்லை, மனுஷங்க வீடு. கேட்காம போட்டோ எடுக்காதீங்க. "அண்ணா, இந்த இடத்துக்கு என்ன பேரு?"ன்னு ஆரம்பிச்சா போதும், டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவாங்க. பேர் எழுத வேண்டாம். ‘வலை பின்னும் பெரியவர்’னு எழுதினா போதும். கல் மேல ஏறி செல்ஃபி கூடவே கூடாது, பாசி வழுக்கும். குளிக்க இறங்காதீங்க. தனியா போகாதீங்க. லாரி வர்ற ரோட்டுல இயர்போன் வேண்டாம்.

எங்க நோட்டு இப்போ ரெண்டாவது வருஷத்துல இருக்கு. போன மாசம் பாட்டியை ஆட்டோவுல கூட்டிட்டுப் போய், தென்னைமரம் எங்கே நின்னுச்சுன்னு கேட்டேன். கரையில நின்னு கடலுக்குள்ள கை காட்டினாங்க. அந்தத் திசையை, விளக்குக் கம்பத்தோட நம்பர் போட்டு எழுதிக்கிட்டேன். அளவு தெரியாது. ஆனா ‘யார் என்ன சொன்னாங்க’ காலம் அதுக்குத்தானே இருக்கு!

உங்க ஊர்ல கடல் இல்லாட்டி என்ன? ஓர் ஏரி இருக்கும், ஒரு வாய்க்கால், ஒரு குவாரி, நாலு வழிச்சாலைக்காக வெட்டக் குறி போட்ட புளியமரம் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிக்கிட்டு நடங்க. முதல் வரியில தேதியைப் போடுங்க. மீதி தானா வரும்!