சிக்கெடுக்கும் கைகள்

மெல்பர்ன் நகரின் தென்கிழக்குப் புறநகரில், கடைத்தெரு ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது அந்த நாய் முடிதிருத்தகம். கேவூடுல் குட்டி ஒன்றை வாங்கலாம் என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. குட்டியை நேரில் பார்த்துவிட்டால் மனம் அதன் பின்னால் போய்விடும். அதற்கு முன்பே, அந்த முடியைக் காலமெல்லாம் கையாளப்போகிறவர்களைப் பார்த்துப் பேசிவிட நினைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் கடை நடத்தும் அம்மா மூலையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலும் சிறிய பூடிலும் கலந்து பிறப்பது கேவூடுல். பூடில் கலப்பு நாய்கள் உலகெங்கும் பெயர்பெற, மெல்பர்ன் இருக்கும் இந்த விக்டோரியா மாநிலமே ஒரு காரணம். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை இங்கே வளர்த்துவந்த வாலி கான்ரன், 1989இல் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். ஹவாயில் பார்வைக் குறைபாடுள்ள பெண்ணொருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கோ நாய் ஒவ்வாமை. பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. ‘முடி கொட்டாது, ஒவ்வாமை வராது’ என்று இன்று விளம்பரம் செய்பவர்கள் மற்ற இரண்டு குட்டிகளைப் பற்றிப் பேசுவதில்லை. ஒவ்வாமை தரும் புரதம் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது. முடி சுருண்டிருப்பதால் அது இல்லாமல் போகாது. இந்தக் கலப்பைத் தொடங்கிவைத்ததற்காகக் கான்ரனே 2019இல் வருந்திப் பேசினார்.

முடி கொட்டாது என்பதும் பாதி உண்மைதான். உதிரும் முடி தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அங்கேதான் சடை தொடங்குகிறது.

மேசையில் ஏற்றிய ஒவ்வொரு நாயையும் அந்த அம்மா முதலில் விரலால்தான் பார்த்தார். காதுக்குப் பின்னால், அக்குளில், மார்புவார் உரசும் இடத்தில், வாலடியில் என்று விரல் தோல்வரை போய்வந்தது. அடுத்து எஃகுச் சீப்பு. அது தோலிலிருந்து நுனிவரை தடையில்லாமல் வந்தால்தான் குளியல். சிக்கோடு தண்ணீர் பட்டால் முடிச்சு இன்னும் இறுகிவிடும். குளித்த நாயின் காதைத் துணிப்பட்டையால் மூடி, வேகக் காற்றுக் கருவியால் சுருளை நீட்டி உலர்த்துகிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வகிடெடுத்து வாருவதுபோல, ஒவ்வொரு வரிசையாகப் பிரித்து அடிமுடியிலிருந்து வாருகிறார்கள். அதற்குப் பிறகே கத்தரிக்கு வேலை. வளைந்த கத்தரியால் முகத்து முடியை உருண்டையாக வெட்டும்போது, இன்னொரு கை தாடையைத் தாங்கியபடியே இருக்கும்.

மதியம் ஒன்பது மாதக் கேவூடுல் ஒன்று வந்தது. அந்தப் பருவத்தில் குட்டிமுடி உதிர்ந்து வளர்ந்த நாயின் முடி வரும்; இரண்டும் பின்னிக்கொள்ளும். வீட்டார் தினமும் வாரியிருந்தார்கள், ஆனால் மேற்பரப்பை மட்டும். அடியில் சடை தோலோடு ஒட்டிக் கிடந்தது. அந்த அம்மா சீப்பை வைத்து, அது எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குக் காட்டினார். “பிரித்தெடுக்கப் பார்த்தால் இதற்கு வலிக்கும். ஒட்ட வெட்டிவிடலாம், முடி திரும்ப வளரும்” என்றார். அவர்கள் கண் கலங்கச் சம்மதித்தார்கள். முடிவெட்டும் கருவியில் அவர் மாட்டிய பத்தாம் எண் பிளேடு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் முடியைத்தான் விடும். சூடேறுகிறதா என்று தன் மணிக்கட்டில் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். காதில் மட்டும் மிக மெதுவாகப் போனார். இறுகிய சடை விலகியதும் ரத்தம் வேகமாகப் பாயும். நாய் தலையை உதறினால் காதுமடலில் ரத்தம் கட்டிவிடும். சடைக்கு அடியில் தோல் சிவந்து ஈரமாக இருந்தது.

இந்தத் தொழிலுக்கு ஆஸ்திரேலியாவில் ‘சான்றிதழ் 3’ நிலைப் படிப்பு உண்டு. ஆனால் பயந்த நாயை அமைதிப்படுத்தும் கை, மேசையருகே நின்று நின்று வருவது. நாள் முழுக்க நிற்பதால் இடுப்பும், கத்தரியால் கட்டைவிரலும் மணிக்கட்டும் வலிக்கின்றன. வெட்டிய முடி முள்ளாய்த் தோலில் ஏறுகிறது, கடியும் விழுகிறது. மொட்டையடித்துவிட்டார்கள் என்ற பழியும் கடைசியில் இவர்களுக்கே. “குட்டியை முதல் தடவை கொண்டுவரும்போது வெட்டவே வேண்டாம். மேசை, சத்தம், என் கை, இந்த மூன்றும் பழகினால் போதும்” என்றார் அந்த அம்மா.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிலேயே ஒன்றுக்கு அலைமுடியும் இன்னொன்றுக்கு இறுகிய சுருளும் வரலாம். தாயைப் பார்க்காமல் குட்டி வாங்கக் கூடாது. கேவலியர் வழியில் இதய வால்வு நோயும், சிறிய பூடில் வழியில் முழங்கால் சில்லு விலகலும் பார்வை இழப்பும் வரக்கூடும். பெற்ற நாய்களின் பரிசோதனைச் சான்றுகளைக் கேட்க வேண்டும். விக்டோரியாவில் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. 2018 ஜூலை முதல் செல்லப்பிராணிக் கடைகள் வளர்ப்பவர்களிடமிருந்து குட்டி வாங்கி விற்கவும் முடியாது. 2019 ஜூலை முதல், விளம்பரத்தில் நாயின் மைக்ரோசிப் எண்ணும் விற்பவரை அடையாளம் காட்டும் மூல எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாத விளம்பரத்தை அப்படியே கடந்துவிடுங்கள்.

சுருள்முடிக் குட்டி வேண்டுமென்றால், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடிதிருத்தகச் செலவையும், வீட்டில் தோல்வரை வாரும் நேரத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள். ஒதுக்க முடியாதென்றால் குட்டைமுடி நாயொன்றைக் காப்பகத்திலிருந்து அழைத்து வாருங்கள். அதுவும் அதே அன்பைத்தான் தரும்.