பேசாத வானொலியும் பாகம் பிரியாத காரும்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த எங்கள் கோட்டைப்பட்டினத்திற்கு, வானொலியைப் பொறுத்தவரை இறைவன் அருளிய தனிச் சலுகை ஒன்று உண்டு. மத்திய அலை நிலத்தின்மேல் செல்லும்போது விரைவில் வலுவிழந்துவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், கடலின்மேல் வரும் அதே அலை நெடுந்தூரம் தளராது. எதிர்க்கரையோ இலங்கை. 1925இல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, பின்னர் இலங்கை வானொலியாகி, 1967இல் கூட்டுத்தாபனமாக மாறியது. அது நம் கடலோர ஊர்களில் பட்டப்பகலிலும் பக்கத்து வீட்டுக் குரல்போல் ஒலித்தது. அதன் முஸ்லிம் சேவையையும், பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் தெளிந்த தமிழையும் கேட்டு வளர்ந்தவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள்.

எங்கள் இல்லத்தில் அந்தக் குரல் பெரும்பாலும் என் தந்தையாரின் அம்பாசடர் காரிலிருந்துதான் வந்தது. 1973ஆம் ஆண்டின் மார்க் 2 வண்டி அது. மட்கார்டின்மேல் நீட்டி மடக்கும் ஏரியலும், உள்ளே மத்திய அலை மட்டும் எடுக்கும் டிரான்சிஸ்டர் வானொலியும் இருந்தன. அலையைச் சுமந்து வந்த அதே கடலின் உப்புக்காற்று, காலப்போக்கில் ஏரியலின் அடியை அரித்தது; வானொலி ஊமையாயிற்று. மூன்றாண்டுகளுக்கு முன் தந்தையார் வஃபாத்தானபின், கார் கொட்டகையிலேயே நின்றுவிட்டது.

கேட்க வந்தவர்கள் இருவர். ஒருவர் பழைய இரும்பு விலைக்குக் கேட்டார். மற்றவர், "அந்த ரேடியோ டப்பாவைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், புது செட் வைத்துக்கொள்கிறேன்" என்றார். வெளிநாட்டிலிருந்த தம்பிக்கு விற்றுவிடுவதே நல்லது என்று பட்டது. இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தாயார் ஒன்றுதான் கேட்டார்: "உங்க அத்தா கார்ல சிலோன் இன்னும் எடுக்குமா தம்பி?"

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும், வாசகர்களே! ஒருவர் மறைந்ததும் அவருடைய பொருள் மூத்த மகனுடையதாகிவிடுவதில்லை. அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின், பிள்ளைகள் இருக்கும் நிலையில் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. பாகம் பிரியும்வரை அந்தக் காரின் ஒவ்வோர் ஆணியும் அனைவருக்கும் பொது. நாம் மதரஸாவில் பாடமாக நடத்தும் இச்சட்டம், வீட்டுக் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கும் பொருந்துமன்றோ? பெண்மக்களைக் கேளாமல் பொருளை விற்றுவிட்டுப் பிறகு சமாதானம் சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை.

ஆகவே தங்கைகள் இருவரிடமும் தொலைபேசியில் பேசினேன். இளையவள், "ரேடியோவுலயும் எனக்குப் பங்கு உண்டுல்ல அண்ணே? அதைக் கழற்ற நான் சம்மதிக்க மாட்டேன்" என்றாள். பின்னர் தம்பியும் இசைந்தான். காருக்கு விலை மதித்து, தாயாரின் பங்கில் அதை வைப்பதென்று அனைவரும் மனமுவந்து முடிவு செய்தோம். அதன்பின்னரே திருப்புளியைக் கையில் எடுத்தோம்.

அறந்தாங்கியிலிருந்து வந்த மெக்கானிக் எழுபதைக் கடந்த பெரியவர். அவர் முதலில் வானொலியைத் தொடவில்லை, பேட்டரியைப் பார்த்தார். அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்தது. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை உடலோடு இணைப்பார்கள். பிற்காலத்தில் நெகட்டிவ் முனையை இணைத்தார்கள். இதை அறியாமல் இணைத்தால் டிரான்சிஸ்டர்கள் கணத்தில் கருகிவிடும்.

அடுத்து ஏரியல். அதன் அடிப்பகுதி காரின் தகட்டைச் சுத்தமாகக் கவ்வியிருக்க வேண்டும். இடையில் துரு இருந்தால் வயரின் வெளியுறைக்கு எர்த் கிடைக்காது. எஞ்சினின் இரைச்சல் உள்ளே புகுந்துவிடும். துருவைத் தேய்த்தெடுத்து, இறுக்கி, கிரீஸ் தடவினார். ஏரியலின் நுனிக்கும் உள்கம்பிக்கும் தொடர்பு இருக்கிறதா, உள்கம்பிக்கும் உறைக்கும் தொடர்பு இல்லாதிருக்கிறதா என்று மீட்டரால் சோதித்தார்.

வானொலிக்குள் இருந்த எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் உலர்ந்திருந்தன. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அவை உலர்ந்துபோகும். அதே அளவில் புதியவற்றைப் பொருத்தி, விட்டுப்போன ஈயப்பற்றுகளை மீண்டும் பற்றவைத்தார். ஸ்பீக்கரை இணைக்காமல் சுவிட்சைத் திருகலாகாது என்று எச்சரித்தார். வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் கெடக்கூடும் என்பதே காரணம். இறுதியாக, 1400 கிலோஹெர்ட்ஸ் அருகே மெல்லக் கேட்கும் ஒரு நிலையத்தை வைத்து, ஏரியலுக்கான சிறு திருகை ஒலி உச்சம் பெறும்வரை திருப்பினார்.

எஞ்சினை இயக்கியதும் டக்டக்கென்ற ஒலியும் ஒரு சீழ்க்கையும் எழுந்தன. முன்னது ஸ்பார்க் பிளக்குகளின் வேலை. வேகத்தோடு ஏறும் சீழ்க்கை டைனமோவின் வேலை. பிளக் வயர்களில் இரைச்சல் தடுக்கும் ரெசிஸ்டர்களும், டைனமோவிலும் இக்னிஷன் காயிலிலும் கண்டென்சர்களும் பொருத்தியபின் இரண்டும் அடங்கின.

அன்றிரவு இஷாவுக்குப்பின் தாயாரைக் காரில் அமர்த்தி, ஏரியலை முழுவதும் நீட்டினேன். பகலில் மத்திய அலையை விழுங்கும் வளிமண்டல அடுக்கு இரவில் மறைந்துவிடுவதால், தொலைதூர நிலையங்களும் எட்டும். இரைச்சலுக்கு நடுவே ஒரு தமிழ்க்குரல் எழுந்தது. அது எந்த நிலையம் என்று தாயார் கேட்கவில்லை. முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

உலகின் பல நாடுகளில் மத்திய அலை நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன; பழைய வானொலி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபின் நம் பகுதி பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். மின்சாரம் நாள்கணக்கில் இல்லை, கைப்பேசிகள் மௌனமாயின. அத்தகைய வேளையில் கார் பேட்டரியில் இயங்கும் ஒரு வானொலி, ஒரு தெருவுக்கே செய்தி சொல்ல வல்லது.

உங்கள் வீட்டிலும் மறைந்த பெரியவர் ஒருவரின் கடிகாரமோ, தையல் இயந்திரமோ, வண்டியோ கேட்பாரற்றுக் கிடக்கலாம். அது குப்பையா, பொக்கிஷமா என்று நீங்கள் ஒருவராகத் தீர்மானித்துவிடாதீர்கள். வாரிசுகள் அனைவரையும், குறிப்பாகப் பெண்மக்களைக் கேளுங்கள். வீட்டில் மூத்தவர் சொல்லாமல் வைத்திருக்கும் ஆசையையும் கேட்டறியுங்கள். சில நூறு ரூபாய் செலவில் பேசக்கூடிய பொருளை எறிவது விரயம்; உரியவரின் சம்மதமின்றி அதை எறிவது அதனினும் பெரிய அநீதி.

வல்ல நாயன் நம் பெற்றோரின் பிழைகளைப் பொறுத்து, அமானிதங்களைப் பேணி நடக்கும் நற்பேற்றை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.