எங்க பரம்பரையே குட்டைதான்

போன டிசம்பர் லீவுல திருச்சுழி பக்கம் பெரியப்பா ஊருக்குப் போயிருந்தேன். அங்கன்வாடியில் பிள்ளைங்களுக்கு உயரம் பார்த்தாங்க. அண்ணன் மகளுக்கு அந்த வாரம்தான் இரண்டு வயசு முடிஞ்சது. 78 செ.மீ. டீச்சர் முகம் மாறிடுச்சு. அப்பத்தா மட்டும் சிரிச்சாங்க: "எங்க பரம்பரையே குட்டைதான் தாயி."

நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் தேடிப் படிச்சேன். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அட்டவணைப்படி, அந்த வயசுப் பெண் குழந்தையோட நடு அளவு சுமார் 86 செ.மீ. 79-க்குக் கீழே போனா வளர்ச்சி குன்றியிருக்குன்னு அர்த்தம். 'அது வெளிநாட்டுப் பிள்ளைங்க அளவு'ன்னு சொல்வீங்க. இல்லை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு ஆறு நாட்டுல அளந்தது. தாய்ப்பால், நல்ல சாப்பாடு, சுத்தமான சூழல் கிடைச்ச பிள்ளைங்க எல்லா நாட்டுலயும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்திருக்காங்க. ஒரு பிள்ளை குட்டையா இருந்தா பரம்பரைன்னு சொல்லலாம். ஊர்ல பாதிப் பிள்ளைங்க அப்படி இருந்தா? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல ஐந்து வயசுக்குட்பட்ட நாலு பிள்ளையில் ஒண்ணு இப்படித்தான் இருக்கு.

இத்தனைக்கும் எங்க கரிசக்காட்டுல விளையுறதே உளுந்தும் பாசிப்பயறும்தான். அறுத்த கையோட மூட்டை கமிஷன் கடைக்குப் போயிடும், உரக்கடன் காத்திருக்கும். பிள்ளை தட்டுல ரசஞ்சோறு.

அன்னிக்கு ராத்திரி மதினிகிட்ட பெரிய அறிவாளி மாதிரி, "பருப்பு, முட்டை குடுங்க. ஒரு நாளைக்கு நாலு தடவை ஊட்டணுமாம்"னு சொன்னேன்.

"காலையில ஏழு மணிக்குக் களையெடுக்கப் போனா சாயங்காலம்தான் வாரேன். அப்பத்தா ஆட்டைப் பத்திட்டுப் போயிரும். யாரு தம்பி நாலு தடவை ஊட்டுறது?"

என்கிட்ட பதில் இல்லை. இவ பிறக்கிறதுக்கு முந்தின வாரம் வரைக்கும் மதினி களையெடுத்திருக்காங்க. பிறந்தப்போ எடை 2.3 கிலோ, இரண்டரைக்குக் கீழே போனாலே எடை குறைவு. அப்புறம் அடிக்கடி வயித்துப்போக்கு. சாப்பிட்ட கொஞ்சமும் உடம்புல ஒட்டலை. கரு உண்டானதுல இருந்து இரண்டு வயசு வரைக்குமான 1000 நாள்தான் முக்கியம்னு சொல்றாங்க. அதுல விட்ட உயரத்தைப் பின்னாடி பிடிக்கிறது கஷ்டம். இவளுக்கு அந்த 1000 நாள் முடிஞ்சிடுச்சு.

மதினி இப்போ மறுபடியும் நாலு மாசம்.

அடுத்த தடவை ஊருக்குப் போனா நீங்களும் கேளுங்க: பிள்ளை என்ன சாப்பிடுதுன்னு மட்டும் இல்லை, பகல்ல யாரு ஊட்டுறாங்கன்னும்.

போன வாரம் அண்ணனுக்கு போன் பண்ணினேன். "இந்தத் தடவை ஒரு மூட்டைப் பயறு வீட்டுக்குன்னு எடுத்து வச்சிட்டேன்டா"ன்னான். சந்தோஷமா இருந்துச்சு. "மத்தியானம் யாருண்ணே ஊட்டுவா?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.