ஏற்றமும் இறக்கமும் சொல்லும் சாட்சி

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பகுதியிலிருந்து மலையேறிக் கரிந்தியாவில் இறங்குகிறது கிராஸ்கிளாக்னர் சாலை. 1935-ல் திறக்கப்பட்ட இந்தச் சாலையின் நீளம் 48 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் 36. நெடுவழியின் உச்சமான ஹோக்டோர் 2504 மீட்டரில் இருக்கிறது. பனிச் சிகரங்களைக் காண வருகிறவர்களுக்கு அது காட்சிச் சாலை. பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேனில் வருகிறவர்களுக்கோ அதுவே ஒரு பரிசோதனைக் கூடம். எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்டால், அது என்ன சத்தம் என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது அடங்குகிறது என்று கேட்பதே சரியான தொடக்கம். அதற்குப் பதில் சொல்ல மலைச்சாலையைப் போல வேறு இடமில்லை.

காரணம் எளிது. இரண்டாவது கியரில் ஒரே வேகத்தில் ஏறினாலும் இறங்கினாலும் எஞ்சின் சுற்றும் வேகம் ஒன்றுதான். மாறுவது பாரம் மட்டும். ஏறும்போது எஞ்சின் வண்டியைத் தள்ளுகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது வண்டி எஞ்சினைச் சுழற்றுகிறது. இரண்டிலும் ஒரே மாதிரி கேட்கும் டிக்டிக் ஒலி பெரும்பாலும் வால்வுப் பக்கத்தது. ஏற்றத்தில் பட்பட்டென்று வெடித்து, இறக்கத்தில் காணாமல் போவது சைலன்சர் இணைப்பில் புகை கசிவதாக இருக்கலாம். அழுத்தி மிதிக்கும்போது மட்டும் சில்லறை உலுக்குவதுபோல் கேட்டு, காலைத் தளர்த்தியதும் நிற்பது, சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவதன் அடையாளம். பாரம் கைமாறும் அந்தக் கணத்தில் அடியிலிருந்து கனமாக இடித்தால், கனெக்டிங் ராட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். சத்தத்தின் குணத்தை மட்டும் வைத்து ஊகிப்பதைவிட இது நம்பகமானது. இந்த வேனில் எஞ்சின் பின்பக்கம் இருக்கிறது. தகட்டுச் சுவர்களில் மோதி ஓட்டுநரின் காதுக்கு வந்து சேர்வதற்குள் ஒலியின் குணம் மாறிவிடும். அது வரும் நேரம் மாறாது.

எப்படியும் மெக்கானிக்கிடம்தான் போகப்போகிறோம், நமக்கெதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்கலாம். ஆனால் பட்டறை வாசலில் நிற்கும் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுற்று கூடுமே தவிர, மலையின் பாரம் வந்துவிடாது. ஏற்றத்தில் மட்டும் வரும் சத்தம் அங்கே வாயே திறக்காமல் போகலாம். பயணி கொண்டுபோகும் குறிப்புதான் அப்போது சாட்சி. உயரத்தில் கணக்குப் பிசகாதா என்பது இன்னொரு கேள்வி. பிசகும். 2500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவதால், அடிவாரத்தில் கேட்ட உலுக்கல் உச்சியில் தானாகவே தணியக்கூடும். அதைக் குணமானதாக எண்ணக்கூடாது. ஒப்பிடுவதென்றால் ஒரே உயரத்தில், ஒரே சரிவில் ஒப்பிட வேண்டும். அதற்கு முழு மலையும் தேவையில்லை; ஒரு கிலோமீட்டர் சரிவு போதும்.

பழைய வண்டி என்றால் சத்தம் போடத்தான் செய்யும் என்பவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. இந்தப் பழைய வேன்கள் பலவற்றில் இருக்கும், காற்றால் குளிரும் 1600 சிசி எஞ்சினில் வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.15 மில்லிமீட்டர் வைப்பது வழக்கம். சூடேறும்போது சிலிண்டரும் அலுமினியத் தலையும் விரிவதால் இடைவெளி சற்றுக் கூடும். மெல்லிய டிக்டிக் அந்த எஞ்சினின் இயல்பு. மீதிப் பாதிதான் ஆபத்து. வால்வு நீண்டாலோ, அமரும் இடம் தேய்ந்தாலோ இடைவெளி சுருங்கும், சத்தம் குறையும். வால்வு முழுதாக மூடாமல், தன் வெப்பத்தைத் தலைக்குக் கடத்த முடியாமல் கருகத் தொடங்குவது அப்போதுதான். ஆகவே வழக்கமான ஒலி குறைந்தாலும் அதையும் குறித்துவைக்க வேண்டும். கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது சாட்சியை மிரட்டும் வேலை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. கனத்த இடிப்போடு ஆயில் விளக்கும் எரிந்தால் பரிசோதனைக்கு இடமில்லை. ஓரங்கட்டி எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். அதற்குமேல் ஓடும் ஒவ்வொரு சுற்றும் பேரிங்கைத் தின்னும். மற்றச் சத்தங்களுக்கு, கியர், வேகம், ஏற்றமா இறக்கமா, எஞ்சின் ஆறியிருந்ததா சூடாக இருந்ததா என்ற நான்கும் ஒரு தாளில் இருந்தால், அடுத்த ஊர்ப் பட்டறையில் எஞ்சினை இறக்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும்.