பத்து காஜாவுக்கு ஒரு ரயில்

கோட்டை என்றால் கோல சிலாங்கூர்க்காரர்களுக்கு புக்கிட் மெலாவத்திதான். 1784இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரை வைத்தார்கள். மறுவருஷமே சுல்தான் இப்ராகிம் மீட்டுக்கொண்டார். நாங்கள் சிறுபிள்ளைகளாகத் தோட்ட லாரியில் வந்து இறங்கியது இந்தச் சரித்திரத்துக்காக அல்ல, குரங்குக்காக. பயற்றங்காயை நீட்டினால் லோத்தோங் மடிமேல் ஏறி உட்காரும். தாய் சாம்பல் நிறம், வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும் குட்டி மட்டும் பளீரென்று ஆரஞ்சு. நாங்கள் பீரங்கிமேல் குதிரை ஏறிக் கடலைப் பார்ப்போம். பெரியம்மா மரத்தடியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பெரியம்மாதான் எழுபதைத் தாண்டிய பிறகு, "பத்து காஜாவுல நம்ம ஆளுங்க கட்டின கோட்டை இருக்காமே" என்று ஆரம்பித்தார். காரில் போகலாம் என்றால் வாந்தி வரும் என்றார். ரயில் என்றதும் பேச்சை மாற்றினார்.

எங்கள் குடும்பத்தில் ரயில் என்றால் சயாம். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டம் தோட்டமாக ஆள் எடுத்தபோது பெரியம்மாவின் அப்பாவும் போனார். கூலி உண்டு, அரிசி உண்டு என்று சொல்லி சரக்கு வண்டியில் ஏற்றினார்களாம். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத்தான். 1943 அக்டோபரில் தண்டவாளம் ஒன்று சேர்ந்தது. அவர் திரும்பவில்லை.  

கடைசியில் ஒத்துக்கொண்டார். சுங்கை பூலோவில் இ.டி.எஸ். ரயிலில் ஏறினோம். குளிருக்கு முக்காடு போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவர் தஞ்சோங் மாலிம் வரை வாயே திறக்கவில்லை. ஸ்லிம் ரிவர் தாண்டியதும், "அப்பாவும் இந்த வழியாத்தானே போயிருப்பாரு" என்றார். இந்த வழிதான். வடக்கே போக வேறு வழி ஏது? தாப்பா ரோட்டில் எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தார்.

பத்து காஜாவில் பெரியம்மா கேள்விப்பட்ட அந்தக் கெல்லி கோட்டை உண்மையில் கோட்டையே இல்லை, ஒரு துரை பங்களா. வில்லியம் கெல்லி ஸ்மித் இருபது வயதில் மலாயா வந்த ஸ்காட்லாந்துக்காரர். ரப்பரில் பணம் சேர்த்து, 1915இல் இந்தப் பெரிய வீட்டை ஆரம்பித்து, மதராஸிலிருந்து கொத்தனார்களை வரவழைத்தார். 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோனார். லிப்ட் வாங்கப் போன இடத்தில் என்பார்கள். வீடு அரைகுறையாய் நின்றுவிட்டது, மனைவி விற்றுவிட்டார். பேய் இருக்கிறது, சுரங்கம் இருக்கிறது என்று கதை அளக்கிறார்கள். எனக்கு அதில் ருசி இல்லை.

பெரியம்மாவுக்கும் இல்லை. அவர் எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். மேட்டில் பங்களா, சரிவில் கிராணிமார் வீடு, பள்ளத்தில் லயம். மழைத்தண்ணீர்கூட அந்த வரிசையில்தான் இறங்கி வரும். பங்களாவின் முன்வாசல் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது, பின்கட்டு தெரியும். இங்கே ஆறடுக்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இம்புட்டு உசரத்துக்குத் தண்ணி யாரு தூக்குறது?" பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் இடுக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "சுத்தமான வேலை."

கட்டிக்கொண்டிருக்கும்போதே விஷக்காய்ச்சல் வந்து வேலையாட்கள் பலர் மடிந்தார்கள். முதல் உலகப் போர் முடிகிற நேரம் உலகையே வாரிய அதே காய்ச்சல். மிச்சமிருந்தவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், துரையும் இடம் கொடுத்தார். எங்கள் பக்கத்திலும் கோயில் இல்லாத தோட்டம் கிடையாது. கித்தா போய் செம்பனை வந்தது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப்பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. லயத்து ஜனம் ஈஜோக், ரவாங் என்று சிதறிய பிறகும், ஆடி மாதம் திருவிழாவுக்குக் கார் காராக வந்து இறங்குகிறது.

கெல்லி துரை இடம் கொடுத்த அந்தக் கோயிலுக்கும் போனோம். கூரைமேல் சாமி உருவங்களோடு துரையும் நிற்கிறார், கோட்டும் தொப்பியுமாக. நன்றிக்கு வைத்தார்களாம். கொத்தனார் ஒருவரையாவது வைத்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது. பெரியம்மா சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, கண்ணுக்குமேல் கையை வைத்துத் துரையை வெகு நேரம் பார்த்தார்.

"துரையைக் கண்டா நம்ம ஆளுங்க தலைத்துண்டை அவுத்துக் கக்கத்துல வெச்சுக்கணும். இவரு கோயில்லயே தொப்பியோட நிக்கிறாரு பாரு."